மேயரான கட்டடக் கலைஞர், ஆளுநரான மேயர்: ஜெய்மி லெர்னர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரங்களைப் பற்றிப் பேச்சு வரும் இடத்தில் பிரேசில்காரர் ஜெய்மி லெர்னரின் பெயரை எடுத்துவிட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கேட்பவர்கள் மாறுவார்கள், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை என்னிடம் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

யாருங்க இவர்? கேள்விப்பட்டதே இல்லையே.

தென் பிரேசிலில் பரனா என்றொரு மாநிலம். அதன் தலைநகர் குரிச்சிபா. குரிடிபா என்று எழுதினாலும் அதே ஊர்தான். அங்கே 1937 டிசம்பரில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் லெர்னர். 1964-ல் பரனா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். பிறகு மூன்று முறை அந்த ஊரின் மேயர், அதற்குப் பின் 1995 முதல் 2002 வரை இரண்டு முறை பரனாவின் ஆளுநர். 2021 மே மாதம் தன் 83-ஆம் வயதில் அதே ஊரில் காலமானார்.

உலகெங்கும் இன்று தனித்தடத்தில் ஓடும் விரைவுப் பேருந்துகளைப் பார்த்தால், அவற்றின் மூதாதை குரிச்சிபாவின் சிவப்புப் பேருந்துதான்.

ஆளுநர்னா முதலமைச்சருக்கு மேல கையெழுத்து மட்டும் போடுறவரா?

இல்லை. பிரேசிலில் ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்தின் நிர்வாகத் தலைவர் அவரே. லெர்னர் ஆளுநரானபோது போலீஸ், நெடுஞ்சாலை, மாநில வங்கி, மின்சாரக் கழகம் எல்லாம் அந்தப் பதவியின் கையில் இருந்தன. நமக்குப் பழகிய பதவிகளில் முதலமைச்சரோடு ஒப்பிடுவதுதான் பொருந்தும். பழைய எழுத்துகளில் பரனாவை மாகாணம் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 1853 முதல் 1889-ல் குடியரசு வரும் வரை அது மாகாணம், அதற்குப் பிறகு மாநிலம்.

ஒரு ஆர்க்கிடெக்ட் எப்படி மேயர் ஆனாரு? எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சாரா?

முதல் இரண்டு முறையும் தேர்தலே கிடையாது. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மாநிலத் தலைநகரங்களின் மேயர்களை ஆளுநரே நியமித்தார். அந்த ஆளுநரையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1971-ல் இப்படி நியமிக்கப்பட்டபோது லெர்னருக்கு வயது 33. 1975 வரை இருந்தார். 1979-ல் மீண்டும் நியமனம்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குப் பின்னே ஒரு நிறுவனம் இருக்கிறது. 1965-ல் சாவ் பாவ்லோவைச் சேர்ந்த ஜார்ஜ் வில்ஹெய்ம் குரிச்சிபாவுக்கு ஒரு முதல்நிலைத் திட்டம் வரைந்தார். அதை உள்ளூர் ஆட்கள் வளர்த்தெடுக்க, அந்த ஆண்டின் இறுதியில் நகர ஆய்வு, திட்டமிடல் நிறுவனம் ஒன்றை மாநகராட்சி தொடங்கியது. 'இப்புக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை உருவாக்கியவர்களில் லெர்னரும் ஒருவர்; பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார். 1966-ல் திட்டம் சட்டமானது. ஆனால் காகிதம் அலமாரியிலேயே கிடந்தது. ஐந்து வருடம் கழித்து, அந்தக் காகிதத்தை மனப்பாடமாக அறிந்த ஒருவர் மேயர் நாற்காலிக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அப்போ சர்வாதிகார ஆட்சியோட ஆளுதானே?

அந்த ஆட்சி கொடுத்த பதவியை ஏற்றார், அந்த ஆட்சியின் கட்சியான அரேனாவில் இருந்தார். இதை மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை. எதிர்க்கட்சியின் தடை இல்லாமல், அடுத்த தேர்தலைப் பற்றிய பயம் இல்லாமல், வேகமாக வேலை செய்ய முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குரிச்சிபாவைப் புகழும் பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

அதே நேரத்தில், அதே காலத்தில் பிரேசில் முழுக்க நியமன மேயர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த அதிகாரத்தை மேம்பாலங்களுக்கும் அகலச் சாலைகளுக்கும் செலவிட்டார்கள். லெர்னர் அதைக் கார்களைத் தடுக்கப் பயன்படுத்தினார். அதிகாரம் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, அதை வைத்து என்ன செய்தார் என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்க வேண்டும்.

ஒரே வீக்கெண்டுல ஒரு ரோட்டையே மாத்திட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1972 மே மாதம். ஊரின் முதன்மைக் கடைத்தெரு, நவம்பர் 15 தெரு. அதை வாகனங்கள் இல்லாத நடைவீதி ஆக்கவேண்டும் என்பது திட்டம். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள்; கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் அச்சம். பொதுப்பணி அதிகாரி மாதக்கணக்கில் ஆகும் என்றார். லெர்னர் 72 மணி நேரம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை வேலை ஆரம்பித்து, திங்கட்கிழமை ஊர் எழுந்தபோது முதல் பகுதி முடிந்திருந்தது: தரையில் கல் பாவி, பூந்தொட்டி, விளக்கு, பெஞ்ச் எல்லாம் வைத்து. வெள்ளி மாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வார நாளில் தோண்டியிருந்தால் யாராவது நீதிமன்றத் தடை வாங்கியிருப்பார்கள்.

அடுத்த வாரக் கடைசியில் கார் சங்கத்தார் கூட்டமாக வந்து அந்தத் தெருவுக்குள் வண்டியை ஓட்டிப் பிடித்துக்கொள்ளப் போவதாகச் செய்தி வந்தது. மாநகராட்சி போலீஸைக் கூப்பிடவில்லை. தெரு நீளத்துக்குக் காகிதச் சுருளை விரித்துவிட்டது. கார்கள் வந்தபோது, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கார்கள் திரும்பிப் போயின. சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகள் வரைவது அதன்பின் வழக்கமாகவே ஆனது. கொஞ்ச நாளில், எதிர்த்த கடைக்காரர்களே நடைவீதியை இன்னும் நீட்டச் சொன்னார்கள். பிரேசிலின் முதல் பெரிய நடைவீதி அது. ஊர்க்காரர்கள் 'பூக்கள் தெரு' என்கிறார்கள்.

பஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? பஸ் எல்லா ஊர்லயும்தானே ஓடுது?

பேருந்தை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. 1966 திட்டம் ஊரை வட்டவட்டமாக வளர விடாமல், சில நீண்ட அச்சுகள் வழியே வளரச் சொன்னது. ஒவ்வொரு அச்சிலும் நடுவில் பேருந்துக்கு மட்டுமான தடம், அதன் இருபுறமும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கான மெதுச் சாலை, ஒரு தெரு தள்ளி இரு பக்கமும் வேகமான ஒருவழிச் சாலை. அச்சை ஒட்டி மட்டுமே உயரமான கட்டடத்துக்கு அனுமதி. தள்ளிப்போகப் போக உயரம் குறையும். அதாவது பேருந்தில் ஏறக்கூடிய ஆட்களையே முதலில் அந்தத் தடத்தின் ஓரம் குடியமர்த்தினார்கள். 1974-ல் முதல் விரைவுப் பேருந்து ஓடியது.

1980-ல், அவரது இரண்டாம் பதவிக்காலத்தில், வலைப்பின்னல் ஒருங்கிணைக்கப்பட்டு ஊர் முழுக்க ஒரே கட்டணம் வந்தது. நகர நடுவில் குறைந்த தூரம் போகிறவர்கள், ஊர் எல்லையில் நெடுந்தூரம் போகும் ஏழைகளுக்குத் தங்கள் கட்டணத்தின் வழியே கை கொடுத்தார்கள். எனக்கு இதுதான் மொத்தத் திட்டத்திலும் மிகவும் பிடித்த பகுதி. புகைப்படம் எடுக்க முடியாத பகுதியும் இதுதான்.

படங்களில் எல்லோரும் பார்க்கும் கண்ணாடிக் குழாய் நிலையம் 1991-ல் வந்தது. பயணி முன்பே காசு கட்டிவிட்டுக் குழாய்க்குள் நிற்கிறார். குழாயின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். வண்டி வந்ததும் எல்லாக் கதவும் திறக்க, சில நொடிகளில் ஏறி இறங்கி முடிகிறது. 1992-ல் மூன்று பெட்டி கொண்ட நீளப் பேருந்து சேர்ந்தது. ஒன்றில் 270 பேர் என்று கணக்கு. அதைச் செய்த வால்வோ நிறுவனத்துக்குத் தொழிற்சாலையே குரிச்சிபாவில், லெர்னரின் முதல் பதவிக்காலத்தில் தொடங்கிய தொழிற்பேட்டையில் இருந்தது.

மெட்ரோ கட்டியிருக்கலாமே? பணம் இல்லையா?

பணம் இல்லை, காத்திருக்கப் பொறுமையும் இல்லை. சுரங்கம் தோண்டும் செலவில் மிகச் சிறிய பங்கில், சில ஆண்டுகளுக்குள், தரைமேல் அதே வேலையைச் செய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. குழாய் நிலையம் என்பதே சுரங்க ரயிலின் நடைமேடையைத் தெருவுக்குக் கொண்டுவந்த வேலைதான். பின்னாளில் அங்கே மெட்ரோ பற்றிப் பலமுறை பேசினார்கள், அறிவித்தார்கள், கட்டவில்லை.

இதெல்லாம் அவரே யோசிச்சதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். அடிப்படைத் திட்டம் வில்ஹெய்முடையது என்று மேலே சொன்னேன். பூக்கள் தெருவின் பெஞ்சும் விளக்கும், குழாய் நிலையமும், தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடமும் அப்ராவ் அசாட் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். பேருந்து வலைப்பின்னலில் கார்லோஸ் செனெவிவாவின் உழைப்பு பெரிது. லெர்னரின் திறமை, ஒரு யோசனையை உடனே தெருவில் இறக்குவதும், குறையோடு இருந்தாலும் ஆரம்பித்துவிட்டுப் பிறகு திருத்துவதும். வரைபவர்களுக்கு இது கடினம். முடிந்த படத்தைத்தான் வெளியே காட்ட வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

குப்பை கொடுத்தா காய்கறி கொடுத்தாங்களாமே?

ஆமாம். மூன்றாம் பதவிக்காலத்தில், 1989 முதல். ஏழைகள் வாழ்ந்த மேட்டுச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் குப்பை லாரி நுழைய இடமில்லை. குப்பையை லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருபவர்களுக்குப் பேருந்துச் சீட்டு கொடுத்தார்கள். 1991-ல் 'பசுமைப் பரிமாற்றம்' வந்தது: மறுசுழற்சிக்கு உகந்த குப்பை 4 கிலோவுக்கு 1 கிலோ காய்கறி, பழம். அந்தக் காய்கறி சுற்றுப்புறச் சிறு விவசாயிகளிடம் விற்காமல் தேங்கியது. லாரிக்கு வழி போடும் செலவை விட இது மலிவு. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கும் பழக்கத்தை ஊர் முழுவதற்கும் பள்ளிப் பிள்ளைகள் வழியாகக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பூங்காவுல ஆடு மேயுதுன்னு ஒருத்தர் சொன்னார். கதையா?

கதை இல்லை, புல் வெட்டும் வேலையை ஆடுகள் செய்தன. அதை விட முக்கியமானது பூங்கா ஏன் வந்தது என்பது. ஆறுகள் பெருகி ஊருக்குள் வெள்ளம் வரும். கரையைக் கான்கிரீட் வாய்க்காலாக்குவதற்குப் பதில், ஆற்றோர நிலத்தைப் பூங்காவாக்கி நடுவில் ஏரி வைத்தார்கள். மழைநீர் ஏரியில் தங்கும். 1972-ல் திறந்த பரிகுயி பூங்கா அப்படிப்பட்டது. கைவிடப்பட்ட கல்குவாரியையும் விட்டுவைக்கவில்லை. 1992-ல் அதற்குள் இரும்புக் குழாயால் ஆன 'கம்பி ஓப்பரா' அரங்கத்தைச் சில மாதங்களில் எழுப்பினார்கள்.

மக்கள் ஓட்டுல ஒரு தடவையாவது ஜெயிச்சாரா, தோத்தாரா?

இரண்டும். ராணுவ ஆட்சி விலகிய பின் 1985-ல் தலைநகரங்களுக்கு நேரடித் தேர்தல் வந்தது. லெர்னர் நின்றார், ரொபேர்ட்டோ ரெக்கியாவிடம் தோற்றார். இரண்டு முறை நியமனத்தில் வந்தவரை மக்கள் கேள்வி கேட்காமல் விடவில்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன். 1988-ல் வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் கூட இல்லாத நிலையில் களத்தில் இறங்கி வென்றார். மூன்றாம் பதவிக்காலம் இது. மேலே சொன்ன குழாய் நிலையம், பசுமைப் பரிமாற்றம், கம்பி ஓப்பரா எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராக அவர் செய்தவை. ஆகவே 'சர்வாதிகாரம் இருந்ததால்தான் முடிந்தது' என்பது பாதி உண்மை.

அன்று ஒரு மேயர் தொடர்ந்து இரண்டாம் முறை போட்டியிட முடியாது. 1992-ல் அவர் அணியைச் சேர்ந்த ரஃபாயல் கிரெக்கா வந்தார், 1996-ல் இன்னொரு திட்டமிடலாளர் காசியோ தனிகூச்சி. ஆள் மாறியும் வரைபடம் மாறவில்லை. லெர்னர் 1994-ல் ஆளுநர் தேர்தலில் முதல் சுற்றிலேயே வென்றார். 1985-ல் தன்னைத் தோற்கடித்த அதே ரெக்கியாவை 1998-ல் வென்று மீண்டும் வந்தார்.

ஆளுநரா ஆனப்புறம் மாநிலத்தையே குரிச்சிபா மாதிரி ஆக்கினாரா?

ஆக்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் புகழ்ந்து எழுதுபவர்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள். பரனாவில் 399 நகராட்சிகள். விவசாய நிலம், சோயா, காபி, துறைமுகம், கடன் சுமந்த மாநில வங்கி. முதலில் தொழிற்சாலைகளைக் கூட்டி வந்தார். கார் நிறுவனமான ரெனோ 1998 இறுதியில் குரிச்சிபாவை ஒட்டிய சாவ் ஜோசே தோஸ் பின்யாய்சில் ஆலை திறந்தது, அடுத்து வோக்ஸ்வாகன்-ஆடி. வேலை வந்தது, மாநிலத்தின் பொருளாதார முகம் மாறியது. ஆனால் கொடுத்த சலுகைகள் பற்றிச் சண்டை ஓயவில்லை. இன்னொரு கார் நிறுவனமான கிரைஸ்லர் 1998-ல் பக்கத்து ஊரான கம்போ லார்கோவில் திறந்து 2001-ல் மூடிவிட்டுப் போனது; சலுகையும் போயிற்று, வேலையும் போயிற்று.

நெடுஞ்சாலைகளை 1997-ல் தனியாருக்கு 24 ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டார். சுங்கச்சாவடிகள் வந்த 1998-ல், தேர்தலுக்குச் சில மாதம் முன் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; பின்னர் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது செய்ய வேண்டிய சாலைப் பணிகளும் குறைந்தன. வாக்காளருக்கு அன்று இனித்தது, லாரிக்காரருக்கும் விவசாயிக்கும் பல ஆண்டு கசந்தது. அந்த ஒப்பந்தங்கள் 2021 நவம்பரில்தான் முடிந்தன.

2000-ல் மாநில வங்கியான பனெஸ்தாதோவை இத்தாவு வங்கி வாங்கியது. 2001-ல் மின்சாரக் கழகமான கோப்பெல்லையும் விற்க முனைந்தார். மாணவர்கள், சங்கங்கள், தேவாலயங்கள் என்று ஊரே எழுந்தது. மக்கள் கையெழுத்திட்டு ஒரு தடைச் சட்ட மசோதாவையே சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். மசோதா மயிரிழையில் தோற்றது, ஆனால் ஏலமும் நடக்கவில்லை. (கோப்பெல் வேறொரு ஆளுநர் காலத்தில், 2023-ல் தனியார்மயமானது.)

நிலம் கேட்டவங்க மேல போலீஸ் சுட்டதும் இவர் காலத்துலதானா?

ஆம். 2000 மே 2 அன்று, குரிச்சிபாவுக்கு ஊர்வலமாக வந்த நிலமற்ற விவசாயிகளை 'ராணுவப் போலீஸ்' என்று பெயர் கொண்ட மாநிலக் காவல்படை கம்போ லார்கோ அருகே நெடுஞ்சாலையில் தடுத்தது. ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார், பலர் காயப்பட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் பிரேசிலைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. 1972-ல் கார்களுக்கு எதிரே காகிதச் சுருளை விரித்தவரின் அரசு, 28 ஆண்டுகளுக்குப் பின் நடந்து வந்தவர்களுக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றது. லெர்னரை நேசிப்பவன் என்ற முறையில் இதை எழுதும்போது வலிக்கிறது. எழுதாமல் இருக்க முடியாது.

மேயரா அவ்வளவு செஞ்சவர் ஆளுநரா ஏன் தடுமாறினார்?

என் கருத்தைச் சொல்கிறேன். நகரத்தில் அவர் தொட்டதெல்லாம் வரைந்து பார்க்கக் கூடியவை: தெரு, நிலையம், ஏரி. தவறினால் அடுத்த மாதம் திருத்தலாம். பூக்கள் தெரு பிடிக்காவிட்டால் தொட்டிகளை எடுத்துவிட்டிருக்கலாம். 24 ஆண்டு சுங்க ஒப்பந்தத்தை அப்படி எடுக்க முடியாது. விற்ற வங்கியைத் திரும்ப வாங்க முடியாது. ஆரம்பித்துவிட்டுத் திருத்தலாம் என்ற அவருடைய பெரிய பலம், திருத்த இடம் தராத விஷயங்களில் பலவீனமாக ஆனது.

இன்னொன்றும் உண்டு. மேயராக இருந்தபோது பின்னால் 'இப்புக்' இருந்தது, பல ஆண்டு பழகிய ஆட்கள், ஒரே வரைபடம். மாநிலத்துக்கு அப்படி ஒன்று இல்லை. நிலம் யாருடையது என்பதில் பிறந்த சண்டையை எந்த வரைபடமும் தீர்த்துவைக்காது.

குரிச்சிபாவுல சேரியே இல்லைன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை இல்லை. அச்சுகளை ஒட்டி நிலத்தின் விலை ஏறியதும், ஏழைகள் ஊர் விளிம்புக்கும் பக்கத்து நகராட்சிகளுக்கும் தள்ளப்பட்டார்கள். விளம்பரப் படங்களில் அந்த இடங்கள் வருவதில்லை. 1970-ல் சுமார் 6 லட்சம் பேர் இருந்த ஊர், 2022 கணக்கெடுப்பில் 17 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. சுற்றுப்புறம் அதை விட வேகமாகப் பெருகியது. மாநகராட்சித் திட்டம் மாநகராட்சி எல்லையோடு நின்றது. அந்த எல்லைக்கு வெளியே அதிகாரம் உள்ள ஒரே நாற்காலி ஆளுநருடையது. அதில் அவர் எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள பெரிய குறை.

இப்ப அந்த பஸ்ஸெல்லாம் நல்லா ஓடுதா?

ஓடுகிறது, பழைய பெருமையோடு இல்லை. பயணிகள் குறைந்திருக்கிறார்கள், கார் அதிகமான பிரேசில் நகரங்களில் குரிச்சிபாவும் ஒன்று. பக்கத்து நகராட்சிகளோடு இருந்த ஒருங்கிணைப்பு 2015-ல் குலைந்தது.

பதவி முடிஞ்சப்புறம் என்ன செஞ்சார்?

மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. 2002 முதல் 2005 வரை பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியத்தின் தலைவர். தன் பெயரில் அலுவலகம் தொடங்கி மீண்டும் வரைந்தார். தென் பிரேசிலின் இன்னொரு நகரமான போர்ட்டோ அலெக்ரேயில் குவாய்பா நீர்க்கரையைத் திருத்திய வடிவமைப்பு அந்த அலுவலகத்தினுடையது. முதல் பகுதி 2018-ல் திறந்தது. சின்ன இடத்தில் குத்தினால் உடல் முழுக்க உணர்வது போல, ஒரு தெருமுனையைச் சரிசெய்தால் ஊரே அசையும் என்ற 'நகர அக்குபங்சர்' கருத்தை உலகெங்கும் பேசினார்.

நம்ம ஆளுங்க இதை அப்படியே காப்பி அடிச்சா வேலை செய்யுமா?

குழாயைக் காப்பி அடிக்கலாம், எளிது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-ல் குரிச்சிபாவைப் பார்த்துத் தன் விரைவுப் பேருந்தைத் தொடங்கியது, அதைப் பார்த்து மற்ற ஊர்கள். பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது தடத்தையும் நிலையத்தையும். விட்டுவிட்டது வரிசையை. குரிச்சிபாவில் நிறுவனம் 1965, சட்டம் 1966, தெரு 1972, பேருந்து 1974, ஒரே கட்டணம் 1980, குழாய் 1991. உங்கள் ஊரில் யாராவது குழாய் நிலையத்தின் படத்தை மேசையில் விரித்தால், அந்தத் தடத்தின் ஓரம் யார் எத்தனை மாடி கட்டலாம், அங்கே வாடகை ஏறும்போது ஏழை எங்கே போவார் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். முதல் கேள்விக்கு லெர்னரிடம் நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.